‘மாதிரி’ச் சமுதாயம்!

கவிதையைத் திறனாய்கிறோம், கதையைத் திறனாய்கிறோம், நாடகம் ஒன்றைக் கண்டுவிட்டு நள்ளிரவுவரை வாதிடுகிறோம். கோடிக்கணக்கான மக்களின் வயிற்றையும் வாழ்வையும் பற்றி எழுதப்பட்ட ஒரு தீர்மானத்தை மட்டும், அரசியல் கடைச்சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஏன்? அதுவும் சொற்களால் ஆனதுதானே! எந்தச் சொல் அதில் இருக்கிறது, எந்தச் சொல் இல்லை, எந்தச் சொல் இருக்கவேண்டிய இருக்கையில் வேறொரு சொல் வந்து அமர்ந்துகொண்டது என்று காண்பதுதானே திறனாய்வு!

சென்ற ஞாயிறு மாலை, வானகரத்தில் நாம் கூடிப் படிக்கும் சின்னஞ்சிறு படிப்பகத்தில், அப்படியொரு தீர்மானத்தை எடுத்துவைத்துக்கொண்டோம். 1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஆவடியில் கூடிய காங்கிரசின் 60ஆவது மாநாடு நிறைவேற்றிய தீர்மானம் அது. ஆவடி நமக்குத் தொலைதூரமன்று. அம்பத்தூர்ச் சாலையில் வடக்கே ஏறி, தொழிற்பேட்டையைக் கடந்து, மேற்கே திரும்பினால் ஆவடி. நாள்தோறும் அங்கே வேலைக்குப் போய்வருகிற இளைஞர்கள் சிலர் அன்று வந்திருந்தனர். உலக ஏடுகள் எல்லாம் தலைப்புப் போட்டு எழுதிய தீர்மானம் ஒன்று அந்த ஊரில் பிறந்தது என்பது அவர்களுள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களை நாம் குறைகூற மாட்டோம். பிறந்த ஊரிலேயே மறக்கப்பட்ட பிள்ளை என்றால், பெற்றவர்கள் அதை வளர்த்த விதம் அப்படி!

தீர்மானத்தைக் குறைகூறப் புகுமுன், அது எழுந்த காலத்தை எண்ணிப்பார்ப்பது நேர்மை. வெள்ளையன் வெளியேறி அப்போது எட்டாண்டுகூட நிரம்பவில்லை. பிரிவினையில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து, வீடிழந்து, உற்றார் இழந்து ஓடிவந்த இரத்த ஈரம் காயவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை ஒட்டவைத்த பசை உலரவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூறு பேரில் எழுத்தறிந்தோர் பதினெட்டுப் பேர். மனிதனின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு ஆண்டு. கோதுமைக்குக் கடலுக்கு அப்பால் கையேந்திய நிலை. அரிசிக்குப் பங்கீட்டு அட்டையுடன் வரிசையில் நின்ற நினைவு எல்லா வீட்டிலும் இருந்தது.

அந்த நிலையிலும் அந்நாட்டு ஆட்சியாளர் ஒன்று செய்தனர். அதை மறைத்தால் நாம் பகுத்தறிவாளரல்லர். எழுத்தறியாதவனுக்கும், ஏழைக்கும், பெண்ணுக்கும், சேரியில் கிடந்தவனுக்கும் ஒரே வாக்கு, ஒரே மதிப்பு என்று கூறி, 1951–52இல் ஏறத்தாழ 17 கோடி வாக்காளர்களை அழைத்தனர். அருகிலுள்ள இலங்கையைப் பாருங்கள். 1948 பிப்ரவரியில் விடுதலை. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம். தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிய உழைத்த மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர், தாங்கள் உழைத்து உயர்த்திய நாட்டிலேயே நாடற்றவராயினர். புதிய நாடு பிறந்தவுடன் செய்த முதற் பெருங்காரியம் தன் மக்களில் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து அடித்தது! அந்த இழிவை இந்தியா செய்யவில்லை. அளிக்கவேண்டிய பாராட்டை அளித்துவிட்டோம். இனித் தீர்மானத்துக்கு வருவோம்.

மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். தலைவர் தேபர். பண்டித நேரு முன்னிலை. மாநாட்டை நடத்திக் காட்டிய புகழ், அப்போது முதலமைச்சராயிருந்த காமராசருக்கு. தீர்மானத்தின் சாரம் மூன்று: முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையில் அல்லது கட்டுப்பாட்டில் இருக்கும், உற்பத்தி படிப்படியாக விரைவுபடுத்தப்படும், நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்படும். இத்தகைய சமுதாயத்துக்கு அவர்கள் சூட்டிய பெயரைத் தமிழில் ‘சோஷலிச மாதிரி சமுதாயம்’ என்று வழங்கினர். ‘சோஷலிசபாணி’ என்றும் வழங்கினர்.

‘மாதிரி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், தோழர்களே! நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரிந்த சொல். ‘பால் மாதிரி இருக்கிறது’ என்று சொன்னால், அது பாலன்று என்று பொருள். சுண்ணாம்பு நீரும் பால் மாதிரிதான். ‘அப்பா மாதிரி’ என்றால் அப்பா அல்லர். ‘அழுகிற மாதிரி’ என்றால் அழவில்லை, நடிப்பு! ‘சமதர்மம்’ என்று எழுதியிருக்கலாம். அந்தச் சொல் தமிழ்நாட்டில் அப்போதே பழகிய சொல். 1930களில் ஈரோட்டிலிருந்து ஊர் ஊராகப் பரப்பப்பட்ட சொல். எழுதவில்லை. ஆங்கிலத்தில் எழுதியவரும் சோஷலிசம் என்று நேரே சொல்லக் கூசி, அதன் சாயல் என்றே எழுதினர். தமிழ் அந்தக் கூச்சத்தை மறைக்கவில்லை, காட்டிக்கொடுத்துவிட்டது. மொழிபெயர்ப்பு சில வேளைகளில் மூலத்தைவிட நேர்மையாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து, ‘அல்லது’. உடைமை அல்லது கட்டுப்பாடு. உடைமை என்றால், இரும்பாலை யாருடையது என்று கேட்டால் மக்களுடையது என்று விடை வரும். கட்டுப்பாடு என்றால், பர்மிட் வரும், லைசென்ஸ் வரும், கோப்பு வரும், கோப்பைத் தூக்கிக்கொண்டு டில்லிக்குப் போகிற தரகர் வருவார். ஆலை முன்பு யாருடையதோ அவருடையதாகவே இருக்கும். ஒரு சிறிய ‘அல்லது’, பெரிய வாயிற்கதவு! அதன் வழியே உள்ளே நுழைந்தவர் யார் என்பதை எதிர்க்கட்சியார் சொல்லவேண்டியதில்லை. அரசே 1964இல் அமைத்த ஏகபோக விசாரணைக் குழு, மறு ஆண்டு அறிக்கை தந்தது. ஆவடிக்குப் பின் பத்தாண்டு கழித்து, வங்கி நீங்கலாகத் தனியார் கம்பெனிகளின் சொத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு, 75 குடும்பக் குழுக்களின் பிடியில் இருந்தது என்று அதில் கண்டனர். கட்டுப்பாடு நடந்தது உண்மைதான். எவர் எவரைக் கட்டுப்படுத்தினார் என்பதே கேள்வி!

பொதுத்துறையில் எழுந்தவற்றை நாம் எள்ளவில்லை. 1955 அக்டோபரில் பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நெய்வேலியில் நிலக்கரி. ஆவடியிலேயே 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் அங்கிருந்து முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. இவை இந்தப் பகுதியின் குடும்பங்களுக்குச் சோறும் சுயமதிப்பும் தந்தவை. பெரிய இரும்பாலைகள் பிலாய்க்கும் ரூர்கேலாவுக்கும் துர்காபூருக்கும் போக, சேலத்துக்கு அடிக்கல் விழவே 1970 ஆயிற்று என்பதை நம் இயக்கம் தொண்டை வற்றக் கூறியிருக்கிறது. இங்கே மீண்டும் விரிக்கவில்லை.

நாம் நிற்கவேண்டிய இடம் வேறு. இருக்கிற சொற்களைப் பார்த்தோம். இல்லாத சொல் எது?

‘சாதி’ என்ற சொல்!

சுரண்டல் தெரிகிறது, செல்வம் தெரிகிறது, உற்பத்தி தெரிகிறது. ஆனால், எந்த நாட்டில் உழுபவன் யார், உண்பவன் யார், படிப்பவன் யார், பீங்கான் தட்டில் தின்பவன் யார், மண்கலத்தில் தின்பவன் யார் என்பதையெல்லாம் பிறப்பு முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறதோ, அந்த நாட்டுக்கு எழுதிய சமத்துவத் தீர்மானத்தின் நடுக்கூற்றில் பிறப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை! நோயாளியின் உயரத்தை அளந்து, எடையை அளந்து, நாடியை மட்டும் தொடாமல் மருந்து எழுதிய மருத்துவனை என்னென்பது? ‘நியாயமான பங்கீடு’ என்று எழுதினார்களே, எவருடைய நியாயம்? மனுவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அவரவர் பிறப்புக்கேற்ற பங்கு என்பதுதான் அது!

மறந்துவிட்டார்களோ? மறக்க இயலுமா! கண்ணெதிரே நடந்தவற்றை நினைவுகூருங்கள். 1921இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்து, பின்னர் முத்தையா முதலியார் காலத்தில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையை, சமத்துவத்துக்கு மாறானது என்று 1950இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் தள்ளின. தமிழகம் கொதித்தது. அரசியல் சட்டத்தின் மை உலருமுன் அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் வந்தது. 1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸ், ஆச்சாரியாரை மேலவை நியமனத்தின் வழியே கொண்டுவந்து முதல்வராக்கிற்று. அவர் 1953இல் கொண்டுவந்தது என்ன? பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் இருக்கட்டும்; மீதி நேரத்தில் தந்தையின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம். வண்ணான் மகன் வெள்ளாவியைக் கற்க, நாவிதன் மகன் கத்தியைக் கற்க, வக்கீல் மகன் வாதத்தைக் கற்க! ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு நாடெங்கும் எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் போனார், காமராசர் வந்தார், மே மாதத்தில் திட்டம் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. குடியாத்தம் இடைத்தேர்தலில் அந்தக் காமராசருக்குக் கழகம் ஆதரவு தந்தது என்பதும் நினைவிருக்கட்டும். எதிர்ப்பும் ஆதரவும் ஆளைப் பார்த்து வருவனவல்ல, செயலைப் பார்த்து வருவன.

இதெல்லாம் நடந்து எட்டே மாதத்தில் ஆவடி மாநாடு. அதை நடத்திய முதல்வரே, குலத்தொழிலைப் பிள்ளைகளின் தலையில் கட்டும் திட்டத்தைக் கைவிட்டு வந்தவர். ஆகவே, சாதி என்பது அந்தப் பந்தலில் எவருக்கும் தெரியாத செய்தியன்று. தெரிந்தே விடப்பட்ட சொல் அது.

விடப்பட்டதன் விளைவு என்ன? இரண்டே திங்களில் தெரிந்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்பாரைப் பற்றி ஆராய 1953இல் அமைக்கப்பட்ட காகா கலேல்கர் குழு, 1955 மார்ச் 30ஆம் நாள் அறிக்கை அளித்தது. 2,399 வகுப்புகளைப் பிற்பட்டவை என்று பட்டியலிட்டது. அறிக்கையில் ஒப்பமிட்ட தலைவர், அதனுடன் ஒரு நீண்ட கடிதத்தையும் இணைத்தார்; சாதியை அளவுகோலாகக் கொண்டது தவறு என்று! தாமே எழுதிய தீர்ப்புக்குத் தாமே மேல்முறையீடு செய்த நீதிபதியை உலகம் அதுவரை கண்டதில்லை. மறு ஆண்டு, அரசு ஒரு குறிப்புடன் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. அப்போது உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த். அந்தக் குறிப்பு கூறிய காரணத்தைக் கவனியுங்கள்: சோஷலிச மாதிரியில் சமுதாயம் அமையும்போது, முன்னேற முன்னேறச் சமூக வேறுபாடுகள் தாமே மறைந்துவிடுமாம்!

நாம் இதைப் படித்ததும் படிப்பகத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. ஆவடித் தீர்மானம் சாதியைப் பற்றி வாய்திறக்கவில்லை என்று அதுவரை குறைபட்டுக்கொண்டிருந்தோம். இங்கோ, வாய்திறவாத அந்தத் தீர்மானத்தையே எடுத்து, வாய்திறந்த அறிக்கையின் வாயில் அடைத்திருக்கிறார்கள்! சமத்துவத்துக்காக எழுதிய ஏடு, சமத்துவம் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பும் சீட்டாக மாறியது. ‘உனக்கு வேலையில் பங்கு எதற்கு? பொறு, மாதிரி வருகிறது!’

எத்தனை ஆண்டு பொறுத்தார்கள்? 1979இல் மண்டல் குழு; 1980இல் அறிக்கை; 1990 ஆகஸ்டில் வி.பி. சிங் அதைச் செயற்படுத்துவதாக அறிவித்தார். 1992இல் உச்சநீதிமன்றம் ஒப்பியது. கலேல்கர் அறிக்கைக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டு. ஒருவன் பள்ளியில் சேர்ந்து, படித்து, வேலை கிடைக்காமல் வயதேறி, தன் மகனைப் பள்ளியில் சேர்த்து, அவனும் படித்து முடிக்கும் காலம். வேறுபாடுகள் தாமே மறையவில்லை, மனிதர்கள்தாம் மறைந்தார்கள்.

அம்பேத்கர் இதை முன்னரே சொல்லிவிட்டார். 1949 நவம்பர் 25ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்விலும் பொருள் வாழ்விலும் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பட்ட வாழ்வில் நுழையப்போகிறோம் என்று எச்சரித்தார். அவர் சமூகத்தை முதலில் வைத்தார், பொருளைப் பின்னர் வைத்தார். ஆவடி பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, சமூகத்தைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

பந்தலுக்கு வெளியே என்று உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஆவடியும் அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் நம் வானகரமும் அன்று செங்கற்பட்டு மாவட்டம். ஏரிப்பாசனமும் நெல்வயலுமாக இருந்த நாடு. இந்த மாவட்டத்து ஆட்சியராக இருந்த திரமென்கீர் என்ற வெள்ளைக்காரர், 1891இல், இங்குள்ள பறையர் மக்களின் நிலைபற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையின் தரைகூடத் தமக்குச் சொந்தமில்லாதவர்கள். மிராசுதாரர் வெளியேறு என்றால் வெளியேறவேண்டியவர்கள். அதன் விளைவாக 1892இல் வந்ததுதான் ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்கிய அரசாணை. மக்கள் வழக்கில் பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கலாகாது என்று நிபந்தனையும் இட்டனர். நிபந்தனை ஏட்டில் இருந்தது; நிலம் எங்கெங்கோ போயிற்று. ‘முதன்மையான உற்பத்திச் சாதனம்’ என்று தீர்மானத்தில் எழுதினார்களே, மாநாட்டுத் திடலைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் அந்தச் சாதனம் நிலமன்றி வேறென்ன? அதை உடையவன் இன்னான், உழுபவன் இன்னான் என்று தீர்த்தது பணமன்று, பிறப்பு. மாநாட்டுக்கு வந்த பெருமக்கள் இரயிலைவிட்டு இறங்கி ஒரு கல் நடந்திருந்தால், கண்ணால் கண்டிருக்கலாம்.

இங்கே நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடவேண்டும். மாற்றான் முதுகைப் பார்ப்பவன் தன் முதுகைத் தடவிப் பார்க்கவேண்டும். 1967இல் கழகம் ஆட்சிக்கு வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் தீக்கு இரையாயினர். அப்போது முதல்வர் நம் அண்ணா. 1970இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைக்கப்பட்டது உண்மை. அது நல்ல சட்டம். ஆனால், வெண்மணி வழக்கில் முதன்மைக் குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டவர் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார் என்பதும் உண்மை. 1994 அக்டோபரில், இதே செங்கற்பட்டில், பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் மாண்டனர். அப்போதும் ஆண்டது திராவிடத்தின் பெயர் தாங்கிய கட்சிதான். கல்வியிலும் வேலையிலும் பிறப்பின் பூட்டை உடைத்தோம் என்று நாம் நெஞ்சுயர்த்திச் சொல்லலாம். நிலத்தில்? அங்கே நம் சட்டங்களும் ‘மாதிரி’யாகவே நின்றன என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டாமா? சொன்னால் மாற்றார் கைகொட்டிச் சிரிப்பார்களே என்று அன்று ஒரு தோழர் தயங்கினார். சிரிக்கட்டும்; வெண்மணியில் எரிந்தவர் எவரும் நம் மானத்தைக் காப்பாற்றுவதற்காக எரியவில்லை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலைபார்க்கும் இளைஞர் ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். ஒன்பது ஆண்டாக ஒரே பட்டறை, ஒரே இயந்திரம். ஆனால் பெயர்மட்டும் ஒப்பந்தக்காரரின் ஏட்டில். ‘சமுதாய உடைமை என்று சொன்னீர்களே, ஆவடித் தொழிற்சாலையாவது இப்போது யாருடையது?’ என்று கேட்டார். அரசுடையதுதான் என்றோம். ஆனால், 2021 அக்டோபர் முதல் அது நேரடி அரசுத் துறையாக இல்லை; படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, ஏழு கம்பெனிகளாக்கி, அவற்றில் ஒன்றின்கீழ் ஆவடியை வைத்துவிட்டார்கள்; தொழிற்சங்கங்கள் எதிர்த்தும் நடந்தது என்று விளக்கினோம். ‘அப்படியானால் அதுவும் அரசு மாதிரி!’ என்றார். நாம் பத்துப் பக்கத்தில் எழுத முயல்வதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

‘சோஷலிச’ என்ற சொல் அரசியல் சட்டத்தின் முகவுரையில் ஏறியது 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், எதிர்த்துப் பேசவேண்டியவர்கள் சிறையில் இருந்தபோது. அதை நீக்கவேண்டும் என்று தொடுத்த வழக்குகளை 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளியது. நல்லதே. சொல் இருக்கட்டும். இருந்தால்தான் பொருளைக் கேட்டு அடித்துப் பேச இடமுண்டு. ஆவடித் தீர்மானத்தைக் கிழித்தெறியவேண்டும் என்று நாம் கூறவில்லை. அதை எழுதியவர்கள் விட்டுவிட்ட சொல்லை அதன் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு படிக்கவேண்டும் என்கிறோம்.

அன்றே, கையிலிருந்த படியின் ஓரத்தில் ஒரு தோழர் பென்சிலால் அப்படி எழுதியும் விட்டார். வரும் ஞாயிறு 1892ஆம் ஆண்டு அரசாணையை எடுத்துக்கொள்வதாக முடிவு. ஒப்பந்தத் தொழிலாளியான அந்த இளைஞர், தம் பாட்டனார் உழுத நிலத்தின் புல எண் வீட்டில் யாருக்கோ நினைவிருக்கிறது என்றும், கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதாகவும் சொல்லிச் சென்றிருக்கிறார்.